சுண்ணாம்புக் காரையில் சுர்க்கி: பதமும் அளவும்

முல்லைப் பெரியாறு அணையை 1887 முதல் 1895 வரை கட்டியபோது அதன் உட்பகுதிக்குச் சிமெண்டை நம்பவில்லை. அணையின் உள்ளே நிரம்பியிருப்பது சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கான்கிரீட். சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லை அரைத்த தூள். இதை மணலுக்குப் பதிலாகப் போடும் சாமான் என்று பலர் நினைப்பதில்தான் வேலை கெடுகிறது.

வெறும் சுண்ணாம்பும் மணலும் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும். காற்றுப் புகாத அஸ்திவாரத்தின் நடுவில் வருடக்கணக்கில் பச்சையாகவே கிடக்கும். அளவாகச் சுட்ட களிமண்ணின் நுண்தூள், ஈரம் இருந்தால் சுண்ணாம்போடு வினைபுரிந்து தண்ணீருக்கு அடியிலும் இறுகும். ஆக, எப்படிச் சுட்ட செங்கல், எவ்வளவு நைசாக அரைத்தது என்ற இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும்.

சூளையில் உருகிக் கறுத்துப்போன கல்லைச் சும்மா தருகிறார்கள் என்று வாங்காதீர்கள். அதிகம் வெந்து கண்ணாடியாகிவிட்டதால் அதற்கு வினைத்திறன் குறைவு. வேகாத கல்லோ தண்ணீர் பட்டால் மண்ணாகிவிடும். இளஞ்சிவப்பாக, மிதமாக வெந்த கல்தான் சரி. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி தூளைக் கலக்கிப் பாருங்கள். தண்ணீர் வெகுநேரம் சேறாகவே நின்று, அடியில் தங்கியது கையில் களிபோல ஒட்டினால் அந்தக் கல் வேகவில்லை. இடித்த வீட்டுக் கல்லானால் சிமெண்ட் பூச்சு ஒட்டியதையும் உப்பு பூத்ததையும் ஒதுக்கிவிடுங்கள். அந்த உப்பு பிறகு உங்கள் சுவரில் பூக்கும்.

தூள் விரலிடுக்கில் மைதா மாவு போல வழுக்க வேண்டும். நறநறவென்று இருப்பதெல்லாம் மணல் வேலைதான் செய்யும். முடிந்தால் 90 மைக்ரான் சல்லடையில் சலித்தெடுங்கள். தங்கிய குருணையை மணல் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

சுண்ணாம்பை நீற்றும்போது தண்ணீர்த் தொட்டியில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கல்லின்மேல் தண்ணீரைக் கொட்டினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்க இரண்டு வாரமாவது ஊறவிடுங்கள். நீறாத குருணை தப்பிப் போனால், சுவரில் ஏறிய பிறகு ஊதிப் பொரிந்து குழி விழும்.

அஸ்திவாரம், தண்ணீர்த் தொட்டிக் கட்டு போன்ற ஈர இடங்களுக்குச் சுண்ணாம்பு விழுது 1 சட்டி, சுர்க்கி 1, சலித்த ஆற்று மணல் 1. தரைக்கு மேலுள்ள சுவருக்கு மணலை 2 சட்டியாக்கலாம். முதலில் சுண்ணாம்பையும் சுர்க்கியையும் காரை அரைக்கும் செக்கில் அரையுங்கள். வெள்ளைத் திட்டு எங்கும் தெரியாமல் ஒரே சிவப்பாக வந்த பிறகு மணலைச் சேருங்கள். செக்கு இல்லையென்றால் காலால் மிதித்து மண்வெட்டியால் புரட்ட வேண்டியதுதான். சித்தாளுக்கு இடுப்பு ஒடியும். தண்ணீரை அதிகம் விட்டுச் சுலபமாக்கினால் காரை காயும்போது சுருங்கி வெடிக்கும். கரணையில் (கொத்தனார் கரண்டியில்) அள்ளிக் கவிழ்த்தால் உடனே நழுவாமல் ஒட்டி நிற்பதே பதம். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பவர்கள் சேர்க்கட்டும், ஆனால் மட்டமான சுர்க்கியை அவை காப்பாற்றாது.

கட்டும் செங்கல்லைக் குமிழி அடங்கும்வரை ஊறவைத்துத்தான் வைக்க வேண்டும். உலர்ந்த கல் காரையின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் வினை பாதியில் நின்று, கல்லுக்குக் கல் இடையிலுள்ள மூட்டுக் காரை விரலால் சுரண்டினாலே உதிரும். நீராட்டும் முறையில் சிமெண்ட் பழக்கம் கூடாது. முதல் நாளே குழாயைப் பிடித்தால் சுண்ணாம்பு கரைந்து வழியும். ஈரச் சாக்கைப் போர்த்தி, இரண்டாம் நாளிலிருந்து பூவாளியால் தெளித்து, பத்து நாளாவது காயாமல் வையுங்கள்.

வெளிப்பூச்சுக்கும் மூட்டுகளின் வெளிமுகத்தைப் பூசுவதற்கும் சுர்க்கியைப் பயன்படுத்த வேண்டாம் என்பது பழைய பொறியாளர்களின் வழக்கம். வெயிலிலும் மழையிலும் மாறிமாறிக் கிடந்தால் முகம் உதிரும். வெளியே சுண்ணாம்பு-மணல் பூச்சே போதும். உதிர்கிறதே என்று மேலே சிமெண்டை அப்பினால், சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் காரையை உள்ளேயே ஊறப்போட்டு, சிமெண்ட் தகட்டையும் பெயர்த்துத் தள்ளும்.