கஞ்சா வழக்கில் கைதானவரின் குடும்பம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுப் பிள்ளை கஞ்சா வழக்கில் கைதானதும், யாரோ சொன்ன வழக்கறிஞரிடம் முன்பணத்தைக் கொடுத்துவிட்டு, ஜாமீன் எப்போது கிடைக்கும் என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். பிடிபட்டதாகக் காவல்துறை சொல்லும் எடை எவ்வளவு என்பதைத்தான் அவர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி, கஞ்சா 1 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் ஓராண்டு வரையிலும், அதற்கு மேல் 20 கிலோ வரை இருந்தால் பத்தாண்டு வரையிலும் சிறைத் தண்டனை விதிக்கலாம். 20 கிலோவைத் தாண்டினால் அது வணிக அளவு. குறைந்தபட்சத் தண்டனையே பத்தாண்டு. அத்தகைய வழக்கில், குற்றம் செய்யவில்லை என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருப்பதாக நீதிமன்றம் கருதினாலொழிய, பிரிவு 37 ஜாமீனுக்குக் குறுக்கே நிற்கும். ஆகவே ஒரே வாரத்தில் வெளியே எடுத்துவிடுவதாக உறுதி கூறுபவரை நம்பவே கூடாது.

பொருளைக் கைப்பற்றியபோது காவல்துறை எழுதும் மகஜரில் 21 கிலோ என்றிருந்தால் அதை அப்படியே ஏற்றுக்கொள்வதும் தவறு. சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகளையே. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் அடங்கா. சாக்குப் பையோடு எடை போட்டார்களா, தண்டையும் தனி இலையையும் சேர்த்தார்களா, மாதிரி நீதித்துறை நடுவர் முன்னிலையில் எடுக்கப்பட்டதா என்று துருவிக் கேட்பவரே இவ்வழக்குக்கு ஏற்ற வழக்கறிஞர்.

சொந்த ஊர்க்காரர் என்பதற்காக மட்டும் ஒருவரை அமர்த்த வேண்டாம். வழக்கு எந்தச் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகிறதோ, அங்கே வழக்கமாக வாதாடுபவரே உண்மையில் உள்ளூர் வழக்கறிஞர். ஈ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கறிஞரின் பெயரைக் கொண்டு அவர் நடத்தும் வழக்குகளைத் தேடிப் பார்க்கலாம். விளம்பரம் செய்வதையும், வெற்றி பெற்றால் இவ்வளவு என்று கட்டணம் பேசுவதையும் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். காவலில் இருப்பவருக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. தொலைபேசி எண் 15100.

பையன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டான், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மனம் தளர்வது இன்னொரு தவறு. இச்சட்டத்தின் பிரிவு 67இன்கீழ் அதிகாரியிடம் தந்த வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாகக் கொண்டு தண்டிக்க முடியாது என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற தூஃபான் சிங் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பயந்துபோய் செல்பேசிப் பதிவுகளை அழிக்கவும் கூடாது. அது தனிக் குற்றமாகவே மாறலாம்.

வணிக அளவு வழக்கில் 180 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், நீதிமன்றம் அக்கெடுவை நீட்டித்திராத நிலையில், ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ஆனால் குற்றப்பத்திரிகை வந்து சேர்வதற்கு முன்பே அதற்கு மனுச் செய்தாக வேண்டும். நாளைக் கணக்கு வைக்காமல் இவ்வுரிமையை இழப்பது மிகவும் வருந்தத்தக்கது.

சிலர்மீது, விசாரணையின்றித் தடுத்துவைக்க ஆணையிட வழிசெய்யும் 1982ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டமும் பாய்கிறது. ஜாமீன் மனுவால் அந்தத் தடுப்புக் காவல் ஆணையை நீக்க முடியாது. அரசுக்கு முறையீடும் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் தேவை. ஆணையோடு தரப்படும் ஆவணக் கட்டில் படிக்க முடியாத பக்கமோ தமிழாக்கம் இல்லாத பக்கமோ இருந்தால் அதுவே ஆணையை ரத்துசெய்யக் காரணமாகலாம் என்பதால், ஒரு தாளும் விடாமல் அந்தக் கட்டை வழக்கறிஞரிடம் சேர்த்துவிடுங்கள்.