செட்டிநாட்டு அடுப்படிக்கு அலமாரி செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பங்காளிகளுக்குள் பிரிந்தபின், முன்பு சாமான் அறையாகவோ பத்தி எனப்படும் தாழ்வாரத்தின் ஓரமாகவோ இருந்த இடமே பல குடும்பங்களுக்கு அடுப்படியாகிவிட்டது. அந்தச் சிறிய இடத்துக்குள் எல்லாவற்றையும் அடக்க, மரவேலையில் கைப்பழக்கம் உள்ளவர் தாமே அலமாரி செய்ய முனைவது நல்ல முயற்சிதான். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்புக்கென வரையப்பட்ட மாடுலர் கிச்சன் படத்தை அப்படியே இங்கே கொண்டுவரும்போது தவறு தொடங்கிவிடுகிறது. இங்குள்ள பாத்திரங்களின் கனமும் வேறு, சுவரும் வேறு.

பெட்டியை முதலில் செய்துவிட்டுப் பாத்திரத்தை அதற்குள் நுழைக்கப் பார்ப்பது பொதுவான பிழை. பித்தளை அண்டா, எனாமல் பாத்திரம், முறுக்கும் சீப்புச் சீடையும் வைக்கும் எவர்சில்வர் தூக்கு ஆகியவற்றைத் தரையில் வரிசையாக வைத்து, கைப்பிடியோடும் மூடியோடும் அளந்து, கை நுழைய மேலே இரண்டு அங்குலம் சேர்த்த பிறகே தட்டுகளின் இடைவெளியைத் தீர்மானிக்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை மட்டும் எடுக்கும் அண்டாவுக்குக் கைக்கெட்டும் தட்டில் இடம் ஒதுக்குவது வீண். அது பரணில் இருக்கட்டும்.

அடுத்தது தட்டின் நீளம். ஒவ்வோர் அடியிலும் ஒரே அளவு பாரம் ஏற்றப்படுமானால், தட்டின் தொய்வு அதன் நீளத்தின் நான்காம் அடுக்கில், அதாவது நீளத்தை அதனாலேயே நான்கு முறை பெருக்கிய கணக்கில், கூடும். இரண்டடித் தட்டை மூன்றடியாக நீட்டினால் தொய்வு ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது. இடைத்தாங்கல் இடத்தை அடைக்கிறது என்று நினைத்து, 19 மி.மீ. பிளைவுட்டை நான்கடிக்கு ஒரே தட்டாகப் போட்டு, அதன்மேல் அரிசி டின்களையும் பருப்பு டின்களையும் அடுக்குபவர் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார். இரண்டடிக்கு ஒரு தாங்கல் கொடுக்கலாம். அது முடியாத இடத்தில், ஒன்றரை அங்குல அகலமுள்ள தேக்குச் சட்டத்தைத் தட்டின் முன்விளிம்பில் செங்குத்தாக நிறுத்தி ஒட்டினால் தொய்வு பெரிதும் குறையும். பாரம் மிகுந்தவை எப்போதும் கீழ்த்தட்டில்தான் இருக்க வேண்டும்.

சுவர் விஷயத்தில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய பழைய சுவரில், கான்கிரீட்டில் இறுகுவதுபோல் பிளாஸ்டிக் பிளக் இறுகாது. சாந்து உதிர, திருகாணி நாளடைவில் தளர்ந்துவிடும். தட்டித் துளைக்கும் டிரில்லின் அதிர்ச்சியில், கண்ணாடிபோல் மெருகேற்றிய பூச்சு பெயர்ந்து விழவும் கூடும். அந்தப் பூச்சைப் பழையபடி ஒட்டுப்போடத் தெரிந்த கொத்தனார் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே பாரத்தைத் தரையில் இறக்கும் நிற்கும் அலமாரியே இங்கே பொருத்தம் என்பேன். சுவரில் பிடிப்பது முன்பக்கம் சாயாமல் இருக்க மட்டுமே. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவும் வீடுகளில், அலமாரிக்கு நான்கு அங்குலக் கால்கள் கொடுத்தால் ஈரம் மரத்தில் ஏறாது, கறையான் தொற்றினாலும் கண்ணில் படும். பழைய சுவர் நேராக நிற்கும் என்று நம்பாமல், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்த பிறகே பின்பக்கத்தை வெட்டுங்கள்.

இழுப்பறை செய்வோர் தடுமாறுவது, இழுப்பறை ஓடுவதற்கு இருபக்கமும் பொருத்தும் சேனலின் தடிப்பில். வழக்கமான டெலஸ்கோப்பிக் சேனலுக்குப் பக்கத்துக்கு 13 மி.மீ. வீதம், மொத்தம் 26 மி.மீ. இடம் வேண்டும். உள் அகலம் 450 மி.மீ. என்றால் இழுப்பறையின் வெளி அகலம் 424 மி.மீ.; இரண்டு மி.மீ. கூடினாலே சேனல் இறுகும். கதவுக்கு உள்ளே இழுப்பறை வைத்தால், திறந்த கதவும் கீலும் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மூலையில் சந்திக்கும் இரு இழுப்பறைகளின் கைப்பிடிகள் மோதாமலிருக்க, இரு பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் விடுவது நலம்.

காரைக்குடிப் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் பர்மா தேக்கு அருமையான மரம். ஆனால் உள்ளே புதைந்த ஆணியைப் பிடுங்காமல் இழைப்புளி போட்டால் அலகு போய்விடும். முழுமரப் பலகையைச் சட்டத்தில் வெட்டிய காடி என்னும் பள்ளத்துக்குள் பசை போட்டு ஒட்டுவதும் கூடாது. ஐப்பசி மழையில் பலகை விரியவும் சித்திரை வெயிலில் சுருங்கவும் இடமில்லாமல் போனால், அது வெடிக்கும். பாத்திரம் கழுவும் தொட்டியருகே பார்ட்டிக்கிள் போர்டு வேண்டாம், ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட்டை வாங்கி, வெட்டிய விளிம்பு ஒவ்வொன்றையும் பூசி அடைத்துவிடுங்கள்.

இடம் மிச்சப்படுத்தும் ஆசையில் எரிவாயு சிலிண்டரை இறுக்கமான கதவுக்குள் பூட்டி வைப்பது ஆபத்து. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் தரையோரமாகத் தேங்கும். எனவே கதவின் அடிப்பகுதியில் காற்றுவழி கட்டாயம் இருக்க வேண்டும். எந்தப் பொருளையும் நகர்த்தாமலே ரெகுலேட்டரைக் கை எட்டுமாறு, சிலிண்டருக்கு மேலுள்ள தட்டைக் குறுகலாகவே வைக்க வேண்டும்.