பழைய டிராக்டரில் ஆயில் ஒழுகுகிறதா? தொழிக்கு (சேற்று உழவுக்கு) இறக்கும் முன் இதைப் பாருங்கள்

மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் ஊரில் உள்ள எல்லா டிராக்டரும் ஒன்றாகச் சேற்றில் இறங்கும், மெக்கானிக்கைப் பிடிக்க முடியாது, ஒரு ஆயில் சீலுக்காக (சுழலும் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம்) மன்னார்குடிக்கும் கும்பகோணத்துக்கும் அலைய வேண்டியிருக்கும். அதனால் ஒழுகல் வேலையைச் சித்திரை, வைகாசியிலேயே முடித்துவிடுங்கள். "பழைய வண்டின்னா ஒழுகத்தான் செய்யும், அப்பப்ப ஊத்திக்கிட்டா போதும்" என்று சொல்பவர்கள் உண்டு. புழுதி உழவுக்கு மட்டும் போகிற வண்டியென்றால் சரி, விட்டுவிடலாம். கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்) மாட்டித் தொழி அடிக்கிற நம் வண்டிக்கு அது ஆகவே ஆகாது. ஆயில் வெளியே வருகிற அதே வழியில்தான் சேற்றுத் தண்ணீர் உள்ளே போகிறது. சிந்திய ஆயிலை வாங்கி ஊற்றிக்கொள்ளலாம், சேறு தின்ற பேரிங்கையும் பல்சக்கரத்தையும் மாற்றப் போனால் ஒரு போக வருமானமே கரைந்துவிடும்.

முதலில் வண்டியைக் கழுவுங்கள். டீசலும் பிரஷ்ஷும் வைத்து அழுக்கைத் தேய்த்து எடுத்து, பிறகு தண்ணீர். சர்வீஸ் பம்ப்பின் வேகமான தண்ணீரைச் சீல் பக்கமும் டைனமோ பக்கமும் காட்டாதீர்கள். காய்ந்ததும் அடியில் அட்டை விரித்து, இன்ஜினை ஓடவிட்டு, வயல் வரப்பு வரை ஒரு நடை போய் வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சொட்டுகிற இடத்தைப் பார்க்காதீர்கள், ஈரம் தெரிகிற இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ அதைத் தேடுங்கள். ஆயில் கீழே வழியும், ஃபேன் காற்று அதைப் பின்னால் தள்ளும். டேப்பட் கவர் (இன்ஜினின் மேல்மூடி) பேக்கிங்கில் ஒழுகுவது இன்ஜினின் பின்பக்கமாக வழிந்து இறங்கி, பார்ப்பதற்குக் கிராங்க் சீல் (இன்ஜினின் பின்முனைச் சீல்) போனது போலவே இருக்கும். அதை நம்பி வண்டியை இரண்டாகப் பிரித்துவிட்டால் ஒரு சின்னப் பேக்கிங்குக்காகப் பெரிய கூலி கொடுத்ததாகிவிடும்.

நிறத்தையும் வாடையையும் வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். கருப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். கெட்டியாக, மூக்கில் ஏறுகிற வாடையோடு இருந்தால் கியர் ஆயில். டீசல் விரலில் நீர்த்து ஓடும், வாடையே காட்டிக்கொடுக்கும்.

சீல் வாங்கப் போகும் முன் பிரீதரைப் பாருங்கள், இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் மூச்சு விடுகிற துளை உண்டு. அது சேறும் தூசியும் அடைத்துக் கிடந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் மீறி ஆயிலை வெளியே தள்ளும். கழற்றி டீசலில் அலசி மாட்டினாலே சில ஒழுகல் நின்றுவிடும். ஆயில் அளவையும் பாருங்கள், டிப் ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தாலும் ஒழுகும்.

கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் கருப்பு ஆயில் சொட்டினால் கிராங்கின் பின் சீல், கியர் ஆயில் சொட்டினால் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல். இரண்டுக்கும் வண்டியைப் பிரித்தாக வேண்டும், பட்டறை வேலைதான். துணியைச் சுருட்டி அந்தத் துளையை அடைத்துவைக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம், ஆயில் உள்ளேயே தேங்கிக் கிளட்ச் பிளேட்டை நனைத்துவிடும். சேற்றுத் தண்ணீர் ஏறாமலிருக்க அந்தத் துளைக்கு மரை அடைப்பு (திருகு மூடி) போடுகிற வண்டியாக இருந்தால், தொழி முடிந்ததும் மறக்காமல் கழற்றிவிடுங்கள்.

பின் ஆக்சில் சீல் போனால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். டிரை பிரேக் (ஆயிலில் மூழ்காத பிரேக்) உள்ள பழைய வண்டிகளில் அந்த ஆயில் பிரேக் லைனிங்கில் ஏறிவிடும். பிரேக் ஒரு பக்கம் இழுக்கும், இன்னொரு பக்கம் பிடிக்காது. நெல் ஏற்றிய டிரெய்லரோடு வாய்க்கால் கரையில் இறங்கும்போது அது உயிர் போகிற விஷயம். ஊறிப்போன லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மாட்டாதீர்கள், புதிதாகவே போடுங்கள்.

கியர் பாக்ஸ் ஆயில் பால் விட்ட டீ மாதிரி தெரிந்தால் தண்ணீர் ஏறிவிட்டது என்று அர்த்தம். ராத்திரி முழுக்க வண்டியை ஆட்டாமல் நிறுத்தி, காலையில் டிரெய்ன் பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள், தங்கிய தண்ணீர் முதலில் வரும். அப்புறம் மொத்த ஆயிலையும் இறக்கி, டீசல் ஊற்றி அலசி, அதையும் சுத்தமாக வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். மாஸி 1035 மாதிரி வண்டிகளில் கியருக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட்டுக்கும் ஒரே ஆயில்தான், சேறு போனால் பம்ப்பும் சேர்ந்து தேயும். ஆயில் மாற்றிவிட்டு, பிடிஓ (ரோட்டாவேட்டரைச் சுழற்றும் பின்தண்டு) சீலிலோ ஆக்சில் சீலிலோ தண்ணீர் போன வழியை அடைக்காமல் விட்டால் அடுத்த தொழியில் அதே கதைதான்.

வெளியிலிருந்து எட்டுகிற சீலை நீங்களே மாற்றலாம். பழைய சீலின் மேல் அளவு எண் அச்சாகியிருக்கும், அதைக் கடையில் காட்டி வாங்குங்கள். ஸ்பிரிங் தெரிகிற பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். உதட்டில் ஆயில் தடவி, ஷாஃப்ட்டின் கூர்முனை கிழித்துவிடாமல் தகடோ டேப்போ சுற்றி நுழைத்து, பொருத்தமான பைப் துண்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள். ஷாஃப்ட்டில் பழைய சீல் ஓடிய பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட்டால் புது சீலும் நிற்காது. இடம் இருந்தால் கொஞ்சம் தள்ளி உட்கார வையுங்கள், இல்லையென்றால் லேத்தில் கொடுத்து ஸ்லீவ் போடுங்கள். பேக்கிங் போடும் இடத்தில் அனபாண்டை (ஒழுகலை அடைக்கும் பசை) மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும், அள்ளி அப்பினால் உள்ளே பிதுங்குவது ஆயில் போகும் வழியை அடைத்துவிடும்.

டீசல் ஒழுகல் பெரும்பாலும் பேன்ஜோ போல்ட்டின் (டீசல் பைப்பை இணைக்கும் துளையுள்ள போல்ட்) காப்பர் வாஷரில்தான், விலை அதிகமில்லை, மாற்றிவிடுங்கள். இன்ஜெக்டர் பைப்பில் பீய்ச்சினால் கையை வைத்துத் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், போனால் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இன்ஜின் ஆயில் அளவு தானாக ஏறிக்கொண்டே போனால், ஃபீட் பம்ப் டயாஃப்ரம் கிழிந்தோ இன்ஜெக்ஷன் பம்ப் சீல் வழியாகவோ டீசல் சம்ப்பில் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறங்குகிறது, அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

லிஃப்ட் பக்கம் கை வைக்கும் முன் ரோட்டாவேட்டரைத் தரையில் இறக்கிவிடுங்கள். இன்ஜின் நின்றதும் கருவி தானாக இறங்குகிறது என்றால் உள்ளே ஓ ரிங்கோ வால்வோ கசிகிறது, வெளியே ஒரு சொட்டும் தெரியாது. ரேடியேட்டர் தண்ணீர் குறைந்தால் ஹோஸ் கிளிப்பையும் வாட்டர் பம்ப்பின் அடித்துளையையும் பாருங்கள், சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள்.

இறக்கிய பழைய ஆயிலை கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்குபவர்களிடம் கொடுங்கள். வாய்க்காலில் ஊற்றாதீர்கள், அந்தத் தண்ணீர்தான் கீழே கடைமடை நாற்றங்காலுக்குப் போகிறது.