பழைய ஜீப்ப தினமும் ஓட்டுறது எப்படி? புதுசா வாங்குறவங்களுக்கு

தேனி மாவட்டம் போடியில விடியக்காலம் அஞ்சு மணிக்கு ரோட்டுல நின்னா ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏத்திக்கிட்டு போடிமெட்டு மலை ஏறுற ஜீப்புங்கள பாக்கலாம். அதுல நெறைய வண்டி ரொம்பப் பழசு, பெயிண்ட் போயிருக்கும், ஹூட்டு கிழிஞ்சிருக்கும், ஆனா அத்தன கொண்டை ஊசி வளைவையும் தினமும் ஏறி எறங்குது. அதே மாடல பளபளன்னு பெயிண்ட் அடிச்சு ஷெட்டுல போட்டு மாசத்துக்கு ஒருக்க எடுக்குறவங்க தான் வழியில நிக்கிறாங்க. ஏன்னா ஓடாம நிக்கிற வண்டியில ஆயில் சீல் காஞ்சுரும், பிரேக்குல இருக்குற வீல் சிலிண்டர் துருப்புடிச்சு ஜாம் ஆகும், டேங்க்ல தண்ணி சேரும், பேட்டரி எறங்கிரும். தினமும் ஓட்டுறது தான் பழைய ஜீப்புக்கு நல்லது, ஆனா அந்த நெலமைக்கு வண்டிய கொண்டு வர ஒரு வரிசை இருக்கு.

நான் ஓட்டுறது 1991 மாடல் மகிந்திரா எம்எம் 540. பிரான்ஸ் கம்பெனி பெஜோவோட டிசைன்ல வந்த 2112 சிசி டீசல் இஞ்சின், நாலு கியர். அத வச்சே சொல்றேன், மத்த பழைய ஜீப்புக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

1. மொதல்ல பேப்பர்

வண்டிய பாக்குறதுக்கு முன்னாடி ஆர்சி புக்க பாருங்க. சேசிஸ் (வண்டியோட அடிச்சட்டம்) நம்பரும் இஞ்சின் நம்பரும் வண்டியில இருக்குறதோட ஒத்துப்போகணும், இந்த ஜீப்புங்கள்ல இஞ்சின் மாத்துறது ரொம்ப சகஜம், மாத்துனத ஆர்சியில ஏத்தியிருக்கணும். சொந்த உபயோக வண்டிக்கு 15 வருஷம் முடிஞ்சா ஆர்டிஓ ஆபீஸ்ல காமிச்சு 5 வருஷத்துக்கு ஒருக்க புதுப்பிக்கணும், கிரீன் டேக்ஸும் கட்டணும். இன்னொன்னு, 50 வருஷம் தாண்டுன வண்டிக்கு விஏ எழுத்தோட விண்டேஜ் நம்பர் தர்ற விதி 2021ல வந்துச்சு. கேக்க ஆசையா தான் இருக்கும், ஆனா அந்த நம்பர் வாங்குனா கண்காட்சி, ரேலி, டீசல் போடுறது, ரிப்பேர் மாதிரி வேலைக்குத்தான் ரோட்டுல எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. தினமும் ஓட்டணும்னா சாதா ஆர்சியவே புதுப்பிச்சு வச்சுக்கோங்க.

2. பெயிண்ட பாக்காதீங்க, கீழ படுத்து பாருங்க

ஒரு சாக்கு, ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டுப் போங்க. சேசிஸ்ல பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வந்து மாட்டுற எடம், பாடி மவுண்ட், டிரைவர் காலு வைக்கிற தரை, சீட்டுக்கு அடியில, இங்கெல்லாம் ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க. உள்ள எறங்குச்சுன்னா பட்டி பூசி மறைச்சிருக்காங்கன்னு அர்த்தம். தரைத்தகடு மாத்துறது பெரிய விஷயமில்ல, டிங்கரிங் கடையில முடிஞ்சிரும். சேசிஸ் தின்னு போயிருந்தா விட்டுருங்க, எவ்ளோ கம்மி விலைக்கு குடுத்தாலும் வேணாம். இஞ்சின் கியர் பாக்ஸ் எல்லாம் செஞ்சுக்கலாம், இத மட்டும் சாதாரணமா சரி பண்ண முடியாது.

3. பிரேக்கும் ஸ்டீயரிங்கும்

வாங்குன உடனே லைட்டு, சீட்டு கவர், பெரிய டயர்னு போகத் தோணும். ஒரு ரூபா கூட அதுல போடாதீங்க. நாலு வீலும் டிரம் பிரேக், அதனால நாலையும் கழட்டி லைனிங், வீல் சிலிண்டர் பாத்து, மாஸ்டர் சிலிண்டர் கிட் மாத்தி, ரப்பர் ஹோஸ் எல்லாமே புதுசு போடுங்க. நான் ஹோஸ மட்டும் பாக்க நல்லாத்தான இருக்குன்னு விட்டுட்டேன், ஒரு நாள் எறக்கத்துல மிதிச்சேன், பெடல் அப்படியே தரைக்கு போயிருச்சு. ரெண்டாம் கியர்ல இருந்ததால இஞ்சின் புடிச்சுக்கிச்சு, முதல் கியருக்கு மாத்தி ஓரத்துல மண்மேட்டுல சாய்ச்சு நிறுத்துனேன். பக்கத்துல என் மக உக்காந்திருந்தா. அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க ஹோஸ் எப்படி இருந்தாலும் மாத்திருவேன்.

ஸ்டீயரிங்ல ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் கொஞ்சம் ப்ளே இருக்கும், அது பழைய ஜீப்போட சுபாவம். ஆனா வேகம் 50 தாண்டுனதும் முன் வீல் ரெண்டும் படபடன்னு அடிச்சா அது சுபாவம் இல்ல, கிங் பின் பேரிங்கோ (முன் வீல் திரும்புற அச்சோட பேரிங்) டை ராட் எண்டோ (ஸ்டீயரிங் கம்பியோட மூட்டு) போயிருக்கு. வீல் பேலன்ஸ் பண்ணா சரியாயிரும்னு யாராச்சும் சொன்னா அதோட நிறுத்தாதீங்க, ஜாக்கி போட்டு வீல மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டிப் பாருங்க, ஆட்டம் தெரிஞ்சிரும்.

4. ஆயிலும் கிரீஸும்

பழைய ஓனர் என்ன ஊத்துனாருன்னு தெரியாது, அதனால இஞ்சின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ் (கியர் பாக்ஸ்ல இருந்து வர்ற சக்திய முன் பின் வீலுக்கு பிரிச்சு விடுற பெட்டி), முன் பின் ஆக்சில் எல்லாத்தையும் வடிச்சிட்டு புதுசு ஊத்துங்க. கியர் பாக்ஸ் ஆயில் சீல் வழியா டிரான்ஸ்பர் கேஸுக்கு போயிரும், ஒண்ணுல கொறைஞ்சு இன்னொன்னுல நெறைஞ்சு நிக்கும், அதனால ரெண்டு பிளக்கையும் தொறந்து பாக்கணும். கிரீஸ் கன் ஒண்ணு சொந்தமா வாங்கிருங்க. பட்டைய மாட்டுற சக்கிள், சுத்துற ஷாஃப்ட்டோட யூ ஜாயிண்ட், டை ராட், இங்கெல்லாம் கிரீஸ் ஏத்துற நிப்பிள் இருக்கும், பழைய அழுக்கு கிரீஸ் வெளிய வர்ற வரைக்கும் அடிங்க. தினமும் ஓடுற வண்டிக்கு நான் மாசம் ஒருக்க அடிக்கிறேன், மழைக்காலத்துல தண்ணிக்குள்ள போனா அடுத்த நாளே.

5. டீசல்ல ஏர்

புதுசா வாங்குனவங்க நடுரோட்டுல நிக்கிறதுக்கு முக்காவாசி காரணம் இதுதான். டேங்க் காலியாச்சுன்னாலோ பில்டர் மாத்துனாலோ லைன்ல காத்து புகுந்துரும், ஸ்டார்ட் ஆகாது, செல்ஃப் அடிச்சு அடிச்சு பேட்டரியையும் காலி பண்ணிருவாங்க. பில்டர் மேல இருக்குற ஏர் ஸ்க்ரூவ லூஸ் பண்ணி, கை பம்ப்ப அமுக்கிக்கிட்டே இருங்க, மொதல்ல நுரையா வரும், நுரை நின்னு வெறும் டீசல் வந்ததும் ஸ்க்ரூவ டைட் பண்ணுங்க. அவ்ளோதான். வீட்டு வாசல்லயே ரெண்டு தடவ செஞ்சு பழகிக்கோங்க. கால் டேங்குக்கு கீழ எறங்க விடாதீங்க. இந்த இஞ்சினுக்கு குளிர்ல ஹீட்டர் (இஞ்சின சூடாக்குற க்ளோ பிளக்) போட்டு 15, 20 செகண்ட் கழிச்சுத்தான் ஸ்டார்ட் பண்ணணும்.

6. ஓட்டுற பழக்கம்

60 தான் இதோட வேகம். அதுக்கு மேல போகும், ஆனா இஞ்சின் கத்தும், நிறுத்துற தூரமும் ரொம்ப அதிகம். ஏபிஎஸ், ஏர்பேக் எதுவும் கிடையாது, அதனால முன்னாடி போற வண்டிக்கு கார்ல விடுற எடைவெளிய விட ரெண்டு மடங்கு விடுங்க, நாலு சீட்டுக்கும் நல்ல சீட் பெல்ட் போட்டுருங்க.

4 வீல் டிரைவ காஞ்ச தார் ரோட்டுல போடாதீங்க. முன் வீலையும் பின் வீலையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃபரன்ஷியல் நடுவுல இல்லாததால திரும்புறப்போ முன் வீலும் பின் வீலும் வேற வேற தூரம் போகும், அந்த முறுக்கு எல்லாம் ஆக்சில்லயும் கியர்லயும் ஏறும், லிவர் எடுக்க வராது. சேறு, மணல், ஈரப் புல்லு, வழுக்குற ஏத்தம், அங்கதான் அது. பத்து நாளைக்கு ஒருக்க மண் ரோட்டுல கொஞ்ச தூரம் போட்டு ஓட்டுங்க, இல்லன்னா லிவரே எறுகிரும்.

சரிவுல நிறுத்துறப்போ டிரான்ஸ்பர் லிவர் நியூட்ரல்ல இருந்தா கியர்ல போட்டும் பிரயோஜனம் இல்ல, வண்டி உருளும். சீட்டுக்கு அடியில ஒரு மரக்கட்ட எப்பவும் கெடக்கட்டும். தண்ணி தாண்டி வந்தா பிரேக்க லேசா மிதிச்சுக்கிட்டே கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்ம காய வைங்க.

7. முதல் மாசம்

மொத வாரம் மெக்கானிக் கடைய சுத்தி அஞ்சு கிலோமீட்டருக்குள்ள. அடுத்த வாரம் ஆபீஸுக்கு, ஆனா நேரத்தோட கெளம்பி. ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், ஃபியூஸ், ரெண்டு லிட்டர் தண்ணி, ஒரு லிட்டர் இஞ்சின் ஆயில், பிரேக் ஆயில் எப்பவும் உள்ள இருக்கணும். காலைல எடுக்குறதுக்கு முன்னாடி தண்ணி, ஆயில் பாத்துட்டு வண்டி நின்ன எடத்த குனிஞ்சு பாருங்க, புதுசா என்ன சொட்டியிருக்குன்னு தெரியும்.

மலை ஏறுறது எல்லாம் நாலாவது வாரம். நான் மொத தடவ மெட்டுக்கு போனப்போ எங்க மெக்கானிக் அண்ணன் ஒரு விஷயம் சொல்லி அனுப்புனாரு: மேல போயி நிறுத்துனதும் டீ குடிக்க போகாத, மொதல்ல நாலு வீல் டிரம் பக்கத்துலயும் பொறங்கைய கொண்டு போ, தொட்டுறாத, ஒண்ணு மட்டும் மத்ததவிட அதிகமா அனலடிச்சா அங்க பிரேக் புடிக்குது இல்ல பேரிங் போகுது. எனக்கு எடது பின் வீலு அனலா இருந்துச்சு. அரை மணி நேரம் ஆற விட்டு, அட்ஜஸ்டர ரெண்டு கிளிக் லூஸ் பண்ணிட்டு எறங்குனேன், கீழ வந்து பாத்தப்போ நாலும் ஒரே சூடு.