கேமரன் மலையில் எந்த வேலைக்கு எந்த ஆபீஸ்?

மலேசியாவில், தாப்பாவிலிருந்து 59ஆம் எண் சாலையில் வளைந்து வளைந்து ஏறினால் மலையில் முதலில் வரும் டவுன் எங்கள் ரிங்லெட். தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன் நான். வேலையை விட்ட பிறகும் அரசாங்க விண்ணப்பப் பாரம் நிரப்பித் தரச் சொல்லி ஆட்கள் வீட்டுக்கு வருகிறார்கள். பாதிப் பேர் ஏற்கெனவே வேறெங்கோ போய் நின்று, ஒரு நாள் சம்பளத்தை இழந்தவர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மாநிலத்தைப் பாருங்கள். சாமான் வாங்கத் தாப்பாவுக்கு இறங்குகிறோம், ஆனால் அது பேராக் மாநிலம். கேமரன் மலை பகாங் மாநிலத்தின் ஒரு மாவட்டம். தலைமையிடம் தானா ராத்தா. வடக்கே கம்போங் ராஜாவைத் தாண்டினால் லோஜிங். அதே குளிர், அதே முட்டைக்கோஸ் பாத்தி, ஆனால் அது கிளந்தான் மாநிலம். நிலம் மாநில அரசின் கையில் இருப்பதால், லோஜிங்கில் பயிர் செய்பவருக்குத் தானா ராத்தாவில் ஒன்றும் நடக்காது. ஓட்டுப் போடும் தொகுதியை வைத்தும் கணக்குப் போடாதீர்கள். நம் நாடாளுமன்றத் தொகுதியில் லிப்பிஸ் மாவட்டத்து ஜெலாயும் சேர்ந்திருக்கிறது.

அடுத்து முக்கிம், அதாவது மாவட்டத்தின் உட்பிரிவு. மூன்றுதான்: ரிங்லெட், தானா ராத்தா, உலு தெலோம். நிலப் பத்திரத்தில் முக்கிம் பெயரும் லாட் எண்ணும் (மனை எண்) இருக்கும். அந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு விலாசத்தை மட்டும் சொன்னால் கோப்பைத் தேட முடியாது.

வரி விஷயத்தில்தான் அதிகக் குழப்பம். சுக்காய் தானா நிலத்துக்கான வரி. மாவட்ட நில அலுவலகத்தில், மே 31க்குள் கட்ட வேண்டும். சுக்காய் பிந்து கட்டடத்துக்கானது. மாவட்ட மன்றத்தில் வருடத்துக்கு இரண்டு தவணையாகக் கட்டுவது. ஒன்றைக் கட்டிவிட்டால் மற்றது தீர்ந்தது என்று அர்த்தமில்லை.

சரி, என்னை அதிகம் வருத்தும் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே காய்கறி போடுகிறவர்களில் பலர் பிழைப்பது டிஓஎல் என்கிற, அரசு நிலத்தைப் பயன்படுத்தும் தற்காலிக உரிமத்தில். அது கிராண்ட் (நிலப் பத்திரம்) இல்லை. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி அது எந்த மாதம் கிடைத்திருந்தாலும் அந்த வருடக் கடைசியோடு முடியும். விற்கவோ அடுத்தவர் பெயருக்கு மாற்றவோ முடியாது. உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் அன்றே அதுவும் முடிந்துவிடும், பிள்ளைகளுக்கு வராது. பக்கத்து வீட்டு அக்கா, கணவர் போன பிறகும் மூன்று மாதம் அந்த நிலத்தில் தக்காளி நட்டுக்கொண்டிருந்தார். பழைய ரசீதே போதும் என்று நம்பியிருந்தார். தன் பெயரில் புதிதாக மனுப் போட வேண்டும் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. உங்கள் வீட்டில் இப்படி நேர்ந்தால் காரியம் முடிந்த கையோடு இறப்புப் பத்திரம், ஐசி (அடையாள அட்டை), பழைய உரிமம், வரி ரசீது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நில அலுவலகத்துக்குப் போங்கள். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

ஐசி, பிறப்புப் பத்திர வேலைகள் மத்திய அரசின் பதிவு இலாகாவைச் சேர்ந்தவை. ஐசி மாற்ற மாவட்டம் தடையில்லை, எந்தக் கிளைக்கும் போகலாம்.

அப்புறம், வெள்ளிக்கிழமை மத்தியானம் போகாதீர்கள். தொழுகைக்காக இடைவேளை நீளும். மழைக்காலத்தில் மலைச் சாலையில் மண் சரியும், அதனால் கடைசி நாள் வரை தள்ளிப்போடாமல் ஒரு வாரம் முன்பே கிளம்பிவிடுங்கள்.