விழா மலரைப் பழைய பேப்பரில் போடாதீர்கள்

கும்பாபிஷேக மலர், பள்ளி வெள்ளிவிழா மலர், கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை, யாழ்ப்பாணப் பக்கம் ஒருவர் இறந்த 31ஆம் நாளில் கொடுக்கும் 'கல்வெட்டு' என்ற நினைவு மலர் எல்லாமே கடைக்கு வராத அச்சு, எடைக்குப் போட்டுவிட்டால் அவ்வளவுதான். குளத்தை எப்போது தூர்வாரினார்கள், பள்ளிக்கு நிலம் கொடுத்தது யார் என்று ஒரு மனு எழுதும்போது தேடிப் பாருங்கள், பதில் பெரும்பாலும் இந்தத் தாள்களில்தான் கிடக்கும். துருப்பிடித்த பின்னைக் கழற்றிவிட்டு, ஆண்டு அச்சாகவில்லை என்றால் பின்பக்கம் பென்சிலால் (பேனா வேண்டவே வேண்டாம்) ஆண்டும் ஊரும் குறியுங்கள். அப்புறம் ஒரு பிரதி ஊர் நூலகத்துக்கு. இதற்கு எப்படி எண் போடுவது என்று நூலகர் தயங்கினால், ஊர்ப் பெயர் எழுதிய அட்டைப்பெட்டி ஒன்று போதும். இலங்கைத் தமிழர் வெளியீடு என்றால் 2005இல் தொடங்கிய 'நூலகம்' மின்நூலகம் இப்படிப்பட்டவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்கிறது.