குளியலறை விளக்குக்கு டிம்மர், கண்ணாடிக்குத் தனி சுவிட்ச்

விளக்கு பொருத்திய எல்.இ.டி. கண்ணாடியை, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரின் லைனில் கோக்காதீர்கள். அதன் பின்னால் இருக்கும் டிரைவர் 230 வோல்ட் ஏ.சி.யை வாங்கி, 12 அல்லது 24 வோல்ட் டி.சி.யாக மாற்றித் தருகிறது. டிம்மரோ மின்னலையை வெட்டி வெட்டி அனுப்பும். அது சேராமல் கண்ணாடி துடிக்கும், டச் பட்டன் சொன்னபடி கேட்காது, டிரைவரும் சீக்கிரம் போய்விடும். வெளிச்சம் குறைக்கும் வசதி பெரும்பாலும் அந்த டச் பட்டனிலேயே இருக்கும்.

சீலிங் விளக்குகள் 'டிம்மபிள்' என்று அச்சிட்டவையாக இருக்கட்டும். டிம்மரும் எல்.இ.டி.க்கானதா என்று பாருங்கள். ஃபேன் ரெகுலேட்டரை விளக்குக்குப் போடக்கூடாது. பலர் கோட்டைவிடுவது குறைந்தபட்ச லோடில். டிம்மருக்கு 40 வாட் வேண்டும் என்று போட்டிருக்க, நீங்கள் 7 வாட் விளக்கு மூன்று மாட்டினால் மொத்தம் 21 வாட்தான். விளக்கு மினுக்கும், அணைத்த பிறகும் மங்கலாக எரியலாம்.

போர்டை வாசலுக்கு வெளியே, தண்ணீர் தெறிக்காத சுவரில் வையுங்கள். வேலை தொடங்கும் முன் எம்.சி.பி.யை (லைனைத் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கர்) இறக்கினால் மட்டும் போதாது, வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். விளக்கு லைன் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். டெஸ்டரை முதலில் கரன்ட் இருக்கும் பாயின்ட்டில் வைத்துப் பார்த்து, அது வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு, அதே டெஸ்டரால் வயரில் கரன்ட் இல்லை என்று உறுதிசெய்துவிட்டே வயரைத் தொடுங்கள்.

போர்டுக்கு வரும் பேஸை (கரன்ட் வரும் வயர்) இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று டிம்மரின் உள்வரும் முனைக்கு. வெளிவரும் முனையிலிருந்து சீலிங் விளக்குகளுக்கு. மற்றொன்று 6 ஆம்பியர் சுவிட்ச் வழியாகக் கண்ணாடிக்கு. கண்ணாடி பேஸை டிம்மரின் வெளிமுனையிலிருந்து லூப் எடுத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. இரண்டு முனை டிம்மரில் நியூட்ரல் நுழையாது; கறுப்பு வயர் நேராக விளக்குகளுக்கும் கண்ணாடிக்கும் போகட்டும். வயர் 1.5 சதுர மி.மீ. செம்பு. பச்சை எர்த் வயரைக் கண்ணாடியின் எர்த் முனையில் இறுக்குங்கள். இந்த லைனுக்கு, மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் குளியலறை வேலையைத் தொடங்கவே வேண்டாம். வயரிங்கில் கைப்பழக்கம் இல்லாதவர்கள் லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்துச் செய்யுங்கள்.

டிம்மர் சூடாகும். பக்கத்து மாடுலை வெற்று பிளேட்டாக விட்டால் காற்றுக்கு இடம் கிடைக்கும்.

மூடும் முன் முழு வெளிச்சத்தில் பத்து நிமிடம் எரியவிட்டு, மெல்லக் குறையுங்கள். கடைசியில் மினுக்கினால், டிம்மரில் குறைந்த அளவை அமைக்கும் சிறு திருகு இருக்கிறதா என்று பார்த்து, மினுக்கல் நிற்கும் வரை உயர்த்துங்கள். ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் மட்டும் மினுக்கினால் குறை வயரிங்கில் இல்லை, இன்வர்ட்டர் தரும் அலையில்.